மீசைப்பூவில் குடியிருந்த முனி

களை என்ற சொல்லுக்கு முகத்தின் பொலிவு என்றும் ஒரு பொருள் உண்டு. நான் இரண்டாம் கிராணியாக இருந்த ரப்பர் தோட்டத்தில் அந்தப் பொருளுக்கு வேலையே இல்லை. அங்கே ரப்பர் மரத்தைத் தவிர மண்ணில் பச்சையாக எது தலைகாட்டினாலும் அது களை. மரங்களுக்கு நடுவே பூமி மொட்டையடித்த தலை மாதிரி இருந்தால்தான் துரைக்குத் தூக்கம் வரும். மழைக்காலத்தில் அந்த மொட்டை மண் கரைந்து ஆற்றில் சிவப்பாக ஓடும். எல்லோரும் பார்த்தோம், யாரும் எதுவும் சொல்லவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு வாய் எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன்.

தோட்டம் லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து கட்டை தூரம். மைலை எங்கள் ஜனங்கள் கட்டை என்பார்கள். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்று முதல் இருபத்தாறு வரை நடந்தது.

அங்கம்மா களையெடுக்கும் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி. ராசிபுரம் பக்கத்துக்காரி. கப்பலேறி வந்த இரண்டாம் வருஷமே புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பிள்ளை இல்லை. குள்ளமான உருவம், அளந்து பேசுகிற வாய், நிற்காத கை. பன்னிரண்டு வருஷம் அவள் மண்வெட்டி பட்ட இடத்தில் ஒரு புல்லும் மறுபடி தழைத்ததில்லை. 'அங்கம்மா நிரைய நக்கிச் சாப்பிடலாம்' என்று கங்காணி அய்யாவு பெரட்டுக்களத்தில் எல்லோர் முன்னாலும் சொல்வார். ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசையைத்தான் நிரை என்போம். பெரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். பேர் கூப்பிடுகிறவன் நான்.

தோட்டத்தின் வடக்கு எல்லையில் ஒரு பள்ளம் இருந்தது. அடியில் ஓடை, சரிவில் பழைய காடு மிச்சம். ஒரு பெரிய மரம் அந்தப் பள்ளம் முழுவதையும் குடை பிடித்து நின்றது. ரப்பர் நட லாயக்கில்லாத இடம் என்று துரை அதை விட்டுவைத்திருந்தார். பெண்கள் மாதம் ஒருமுறை அதன் ஓரத்தைச் செதுக்கி, காடு தோட்டத்துக்குள் வராமல் தள்ளிவைக்க வேண்டும். அப்படிச் செதுக்கும்போதுதான் அங்கம்மா அந்தப் பூவைக் கண்டாள்.

முழங்கால் உயரச் செடி, அகலமான இலைகள். நடுவிலிருந்து எழும் தண்டின் தலையில் காது விறைத்த மாதிரி இரண்டு வெள்ளை மடல்கள், அவற்றில் ஊதா நரம்பு. கீழே கறுப்புக்குக் கொஞ்சம்தான் குறைந்த ஊதாவில் பூக்கள் கொத்தாகத் தலை தொங்கும். அவற்றுக்கு இடையிலிருந்து நூல் நூலாக, ஒரு சாண் நீளத்துக்கு இருபது முப்பது மீசை. மற்ற பெண்கள் பார்த்ததும் காறித் துப்பி, பேய்ப்பூ என்று ஒதுங்கிவிட்டார்கள். அங்கம்மா மீசைப்பூ என்று பேர் வைத்தாள். அதைச் சுற்றி வெட்டிவிட்டு அதை மட்டும் விட்டாள்.

எனக்கு இது தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லைக் கல் ஒன்று சாய்ந்துவிட்டது என்று பார்க்கப் போனேன். அட்டைக்குப் பயந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தவன், ஓடைக்கரையில் அங்கம்மா உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் எதையோ அலசுவதைக் கண்டேன். மீசைப்பூவின் பழத்தைப் பிதுக்கி, வழவழப்புப் போக விதையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஓய்வு நாளில் உறங்காமல் இங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருசமா பச்சையக் கண்டா வெட்டுறேன் ஐயா. இது ஒண்ண வெட்ட மனசு வரல," என்றாள்.

அவள் சொன்ன காரணம் இவ்வளவுதான். இதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் கறக்க முடியாது. ஆனால் செடியைப் பற்றிக் கேட்டால் பேசுவாள். முதலில் இரண்டு செடியைப் பெயர்த்து, தான் குடியிருந்த லயத்து வாசலில் நட்டிருக்கிறாள். ஊரில் கனகாம்பரத்துக்குச் செய்வதுபோலச் சாணி எரு போட்டு, வெயில் படும்படி வைத்து, இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினாள். நாலாம் நாள் இலை தீய்ந்தது, பத்தாம் நாள் கிழங்கு அழுகியது. அப்புறம்தான் அந்தச் செடியிடமே போய்ப் பாடம் கேட்டேன் என்றாள். நேர் வெயில் ஆகாது. ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. எரு எதுவும் வேண்டாம், மரம் தானாக உதிர்க்கும் இலை மக்கிக் கிடந்தால் போதும். கிழங்கின் மேல் கால் படக் கூடாது. விதை முளைக்க ஐந்து மாதமோ ஏழு மாதமோ ஆகும். அதுவரை தோண்டிப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பாடம்தான் கஷ்டம் என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த வருஷம் ரப்பருக்கு மவுசு கூடியது. சுற்றிலும் இருந்த காட்டை வெட்டித் தீ வைத்தார்கள். வாரக்கணக்கில் வானம் புகைமூட்டமாக இருந்தது. தீ வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் அங்கம்மா வேலை முடிந்ததும் கூடையோடு ஓடினாள். கிடைத்த கிழங்குகளை மக்கிய இலையோடு அள்ளி வந்து பள்ளத்துச் சரிவில் நட்டாள். இருபத்தைந்தாம் வருஷக் கடைசியில் நாங்கள் நடந்து போகக்கூடிய தூரத்தில் மீசைப்பூ இருந்த ஒரே இடம் அந்தப் பள்ளம்தான். அறுபதுக்கு மேல் செடிகள் இருந்தன. எனக்கே அங்கே போனால் மனசு அடங்கும். அப்போது அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன்.

பிறகு புதுத் துரை வந்தார். வந்த வாரமே தோட்டத்தைச் சுற்றிவந்து, பள்ளத்தைப் பார்த்து முகம் சுளித்தார். களைக்கெல்லாம் இதுதான் தாய்வீடு, உடனே சுத்தம் செய்யுங்கள் என்று உத்தரவு. கங்காணி அய்யாவு மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் அதை அறிவித்தார். வரிசையில் நின்ற அங்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லியனுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை கங்காணி ஆட்களோடு பள்ளத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். பெரிய செடியொன்றின் அடியில் ஒரு கல். கல்லில் மஞ்சள், குங்குமம். முன்னால் ஒரு சூலம், பழைய இரும்புக் கம்பியைத் தட்டி வளைத்தது. பக்கத்தில் மஞ்சள் துணி கட்டி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு அங்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இங்க முனி இருக்காரு கங்காணி. ராத்திரி கனவுல வந்து சொன்னாரு. வெட்டாதீங்க," என்றாள்.

"எங்கம்மா இருக்காரு? மரத்துலயா?" கங்காணியின் குரல் ஏற்கெனவே இறங்கிவிட்டது.

அவள் ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணத்தை நான் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காப்பாற்ற வேண்டியது பூவை. அதனால் பூவைக் காட்டினாள்.

"பூவுல இருக்காரு. மீசையப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சாண் மீசை காற்றில் மெல்ல அசைந்தது. துரைக்கே அவ்வளவாகப் பயப்படாத அய்யாவு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேய்ப்பூ என்று துப்பிய பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

துரையிடம் இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லவேண்டியவன் நான். அன்று மாலை அங்கம்மா ஆபீஸ் பின்வாசலில் வந்து நின்று, கனவும் இல்லை முனியும் இல்லை, பூவுக்காகச் சொன்னது என்று என்னிடம் ஒப்புக்கொண்டாள். மறுநாள் நான் துரையிடம், கூலிகள் அங்கே தெய்வம் இருப்பதாக நம்புகிறார்கள், கை வைத்தால் வேலைக்கு வர மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் தோளைக் குலுக்கி, விட்டுவிடு என்றார். ஒரு குள்ளமான பெண்பிள்ளை ஒரு தோட்டம் முழுவதன் காதிலும் பூச் சுற்றிவிட்டாள், அதற்கு நான் நார் எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. நாலு மாதம் அந்தப் பெருமை நிலைத்தது.

முதலில் வந்தது விளக்கு. அதில் தப்பில்லை. அப்புறம் ஐயாசாமி வந்தார். பகலில் பால்வெட்டுகிறவர், வெள்ளிக்கிழமைகளில் பூசாரி. நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். சாமி இருக்கும் இடம் இப்படிக் குப்பையாகக் கிடக்கலாமா என்று மக்கிய இலைகளையெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டார். தரையைச் சாணம் போட்டு மெழுகினார். அங்கம்மா மறுநாள் இலையைத் திரும்ப அள்ளிவந்து போட்டாள். அவர் திரும்பக் கூட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் செடிகளுக்குப் பாலும் மஞ்சள் நீரும் அபிஷேகம் நடந்தது. பால் ஊற்றிய கிழங்குகள் நாறத் தொடங்கின. அழுகியதைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அவர் செங்கல் பதித்தார்.

"அண்ணே, பால் ஊத்தாதீங்க. சாமிக்கு அது பிடிக்காது," என்று அங்கம்மா சொல்லிப் பார்த்தாள்.

"கனவுல சொன்னாராம்மா?" என்று ஐயாசாமி பயபக்தியோடு கேட்டார்.

இன்னொரு கனவைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நான் கோபித்தேன். "ஒரு தடவ சொன்னதே நெஞ்சுல முள்ளா நிக்குதுங்க ஐயா," என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணம்மாவின் மகள் தனத்துக்குக் காய்ச்சல் வந்தது. கிருஷ்ணம்மாவும் களையெடுப்பில் இருந்தவள். தனத்துக்கு நாலு வயது. இரண்டு பிள்ளைகளை அதே காய்ச்சலில் ஏற்கெனவே புதைத்தவள் கிருஷ்ணம்மா. பள்ளத்துக்கு ஓடிவந்து, மீசைப்பூவைப் பிடித்துக்கொண்டு அழுது வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. நான் கொடுத்த கொயினா மாத்திரை என்று ஒன்று இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அப்போது அது பெரிதாகப் படவில்லை. அதற்குப் பிறகு பள்ளத்தில் கால் வைக்க இடமில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் கிழங்குகளின் மேல்தான் நின்றார்கள். அறுபது செடி நாற்பதாகி, முப்பதாகக் குறைந்தது.

பங்குனியில் ஒரு மழைநாள். பெரிய மரத்தின் கிளை ஒன்று முறிந்து சூலத்தின் பக்கத்தில் விழுந்தது. ஐயாசாமி இரண்டு நாள் விரதம் இருந்து, முடிவு சொன்னார். முனி வானம் பார்த்து நிற்கிற சாமி. தலைக்கு மேல் மரம் கவிந்திருப்பது அவருக்குச் சம்மதமில்லை. மரத்தை எடுக்கச் சொல்கிறார்.

"முனி மரத்துல இருக்கிற சாமி ஆச்சே. மரத்த வெட்டலாமா?" என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டார். எனக்கு உயிர் வந்தது.

"நல்லா கேட்டீங்க. மரத்துல இருந்தா வெட்ட மாட்டேன். அங்கம்மாவே சொல்லிச்சு, பூவுலதான் இருக்காருன்னு," என்றார் ஐயாசாமி.

அங்கம்மா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

லாபிஸிலிருந்து இரண்டு சீன மரவெட்டிகள் மரம் அறுக்கும் வாளோடு வந்தார்கள். மேளம் வந்தது. மரத்துக்குப் பூசை போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். வாளை அடிமரத்தில் வைக்கும் நேரம் அங்கம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மரத்தை முதுகால் அணைத்து நின்றாள்.

"இங்க சாமி இல்ல. நான்தான் பொய் சொன்னேன். கனவு ஒண்ணும் வரல. செடியக் காப்பாத்தச் சொன்னேன். இது வெறும் செடி. வெயில் பட்டா செத்துப்போகும். மரத்த விட்டுருங்க."

மேளம் நின்றது. அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. ஐயாசாமி மெதுவாக அருகில் போய்க் கைகூப்பினார்.

"பேசுறது யாரு சாமி?"

"அய்யோ, நான் அங்கம்மா அண்ணே. நெசமாத்தான் சொல்றேன்."

"சோதிக்கிறாரு. நம்ம நம்பிக்கையச் சோதிக்கிறாரு," என்றார் ஐயாசாமி கூட்டத்தைப் பார்த்து. கைநிறைய விபூதியை அள்ளி அவள் நெற்றியில் பூசினார். மேளம் முன்னிலும் வேகமாக எழுந்தது. அவள் கத்தக் கத்த ஜனங்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். கிருஷ்ணம்மா தனத்தை அவள் காலடியில் கிடத்தினாள். அங்கம்மா குனிந்து அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். அதோடு கத்துவதை நிறுத்தினாள். கூட்டத்துக்கு மேலாக என்னைத் தேடிப் பிடித்து, "ஐயா, நீங்க சொல்லுங்க," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் உண்மையைச் சொன்னால் துரை காதுக்குப் போகும், பள்ளம் முழுவதும் போகும். ஜனங்கள் நம்பினால் அவளை லயத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். நம்பாவிட்டால் எனக்கும் விபூதி. இவ்வளவும் அந்த நேரத்தில் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எனக்குப் பயம். வாயைத் திறந்தேன்.

"வெயில் ஏறுது. அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்க," என்றேன்.

நாலு பெண்கள் அவளைத் தாங்கி அழைத்துப்போனார்கள். மத்தியானத்துக்குள் மரம் சாய்ந்தது. அந்தச் சரிவு அதற்கு முன் வெயிலையே கண்டிருக்காது. மூன்றாம் நாள் இலைகள் ஓரத்தில் தீய்ந்தன, ஐந்தாம் நாள் மீசைகள் சுருண்டன. சாமி சூடாக இருக்கிறார் என்று ஐயாசாமி மஞ்சள் நீரை இரட்டிப்பாக்கினார். சாயங்காலங்களில் அங்கம்மா தென்னங்கீற்றை வெட்டிவந்து செடிகளுக்கு நிழல் கட்டினாள். வானம் பார்த்த சாமிக்குக் கீற்று எதற்கு என்று காலையில் அவிழ்த்தார்கள். அவளோடு யாரும் சண்டை போடவில்லை. மரியாதையாகவே அவிழ்த்தார்கள். அவளைக் கண்டால் எழுந்து நின்றார்கள். என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "பூவுல வச்சுட்டேனே ஐயா. மரத்துல வச்சிருக்கணும்."

சித்திரையில் திருவிழா எடுத்தார்கள். தப்பிய செடிகளைப் பெயர்த்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரசாதம் கொடுத்துவிட்டார் ஐயாசாமி. பள்ளத்தில் சிமெண்டு மேடை எழுப்ப இடம் வேண்டியிருந்தது. ஜனங்கள் மண்ணெண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பி, லயத்து வாசலில் நல்ல வெயிலில் நட்டு, சாணி எரு போட்டு இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினார்கள். அங்கம்மா வீடு வீடாகப் போய் எரு வேண்டாம், நிழலில் வை என்று சொன்னாள். தலையாட்டினார்கள். சாமியை இருட்டில் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஒவ்வொன்றாகப் போயிற்று. செடி கருகிய வீட்டார் நாம் என்ன தீட்டுச் செய்தோமோ என்று தங்களையே நொந்துகொண்டார்கள்.

வைகாசியில் ஒரு காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணம்மா இடுப்பில் தனத்தையும் கையில் தகரத்தையும் சுமந்து வந்து அங்கம்மாவின் முன்னால் நின்றாள். தகரத்தில் இலை ஏதும் இல்லை, காய்ந்த தண்டு மட்டும் இருந்தது. நான் பேரேட்டோடு இரண்டு அடி தள்ளி நின்றேன்.

"எல்லா வீட்டுலயும் போயிருச்சுக்கா. எங்கூட்டுல மட்டுந்தான் இம்புட்டு நாள் நின்னுச்சு. இதுவும் போயிருச்சுன்னா எம் புள்ளைக்கு என்னமும் ஆயிருமா?"

அங்கம்மா தகரத்தை வாங்கிக் கீழே வைத்தாள். மண்ணுக்குள் விரலை விட்டுக் கிழங்கைத் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இத எங்கிட்ட குடுத்துரு கிருஷ்ணம்மா. நான் வச்சுப் பார்க்கிறேன்."

கிருஷ்ணம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "சாமியக் குடுத்துட்டு நான் எப்படிக்கா இருப்பேன்? இவளுக்கு நேத்துலேருந்து மேலு சுடுது."

"அப்ப வீட்டுக்குள்ள, இருட்டுல வையி. தண்ணி ஊத்தாத."

"சாமியவா?" என்றாள் கிருஷ்ணம்மா. அவள் கண் நிறைந்துவிட்டது. தனம் தாயின் தோளிலிருந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அங்கம்மா மண்ணை அணைத்துத் தகரத்தைத் தூக்கிக் கிருஷ்ணம்மாவின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"சரி. வாசல்லயே வையி, வெளக்கு ஏத்து. சாமி உம் புள்ளைக்கு வந்தவரு. செடி வாடினா அவரு வேல முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஐயாகிட்ட கொயினா வாங்கிக் குடு."

நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். கிருஷ்ணம்மா முகம் தெளிந்து, தகரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனாள். அங்கம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்கவில்லை.

"உள்ள உசிரு இருந்துச்சு ஐயா," என்றாள். "ஒரு மொளை. வெரல்ல பட்டுச்சு."